கேமரா சென்சாரை எழுப்புவதும் உறங்க வைப்பதும்: டிரைவர் எழுதத் தொடங்குவோருக்கு

ஊட்டிக்கு அருகே கேத்தி பள்ளத்தாக்கில் ஒரு கேரட் தோட்டம். காட்டெருமை இறங்கி வரும் தடத்தைப் பார்த்தபடி ஓரத்தில் ஒரு பெட்டி வைக்கிறோம். உள்ளே ஒரு சிறிய லினக்ஸ் போர்டு, ஐஎம்எக்ஸ் 219 சென்சார் பொருத்திய கேமரா, அசைவு தெரிந்தால் போர்டைத் தட்டி எழுப்பும் பிஐஆர் உணரி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. மேலே ஒரு சோலார் தகடு. மே மாதம் வரை எல்லாம் நன்றாகவே ஓடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, நாலைந்து நாள் மேகம் விலகாமல் கிடக்கும்போதுதான் உள்ளே இருக்கும் டிரைவரின் தரம் தெரியவரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்சாரும் அதனிடமிருந்து படத்தை வாங்கும் சுற்றும் சேர்ந்து கால் வாட் எடுப்பதாகக் கொள்வோம். நாள் முழுக்க ஓடினால் 6 வாட்-மணி. பேட்டரியின் கொள்ளளவு 84 வாட்-மணி; ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் ஆயுள் குறையும் என்பதால் நம் கையில் இருப்பது 42தான். ஐந்து நாள் வெயில் இல்லையென்றால் சென்சார் மட்டுமே 30 வாட்-மணியைக் குடித்துவிடும். அதே சென்சார் நாளொன்றுக்கு 20 தடவை, தடவைக்கு 30 நொடி மட்டும் விழித்தால் மொத்தம் 10 நிமிடம், செலவு 0.04 வாட்-மணி. 144 மடங்கு வித்தியாசம். (போர்டும் உறங்கும் வகையாக இருந்தால்தான் இந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. போர்டே சும்மா இருக்கும்போது ஒரு வாட் தின்றால், முதலில் அதைக் கவனியுங்கள். சென்சாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

டிரைவர் என்பது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கும் சென்சாருக்கும் நடுவே நிற்கும் நிரல். கேமரா டிரைவர் என்றால் படத்தைக் கையாளும் நிரல் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். உண்மையில் சென்சார் டிரைவர் ஒரு பிக்சலைக்கூடத் தொடுவதில்லை. படம் சிஎஸ்ஐ கம்பிகள் வழியாக நேராக வேறொரு சுற்றுக்குப் போய்விடும். சென்சார் டிரைவரின் வேலை மின்சாரம் கொடுப்பது, கடிகாரத் துடிப்பு கொடுப்பது, ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாக ரெஜிஸ்டர்களில் (சென்சார் தன் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்களில்) எண்களை எழுதுவது, வேலை முடிந்ததும் அணைப்பது. அவ்வளவுதான். ஆனால் ஒன்றை ஒருபோதும் மறக்கக் கூடாது: மின்சாரம் நின்ற அந்தக் கணமே சென்சார் தனக்குச் சொல்லப்பட்ட அத்தனையையும் மறந்துவிடும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அது புதிதாகப் பிறந்த பிள்ளைதான். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

மூன்று மின்சாரம், ஒரு துடிப்பு, ஒரு ரீசெட்

ஐஎம்எக்ஸ் 219க்கு மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். ஒளியை மின்னாக மாற்றும் அனலாக் பகுதிக்கு 2.8 வோல்ட்; வெளியுலகோடு பேசும் கால்களுக்கு (பின்களுக்கு) 1.8 வோல்ட்; உள்ளே எண்களைக் கையாளும் பகுதிக்கு 1.2 வோல்ட். மூன்றாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. டிஜிட்டல் பகுதி நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை நிலைமாறி இரைச்சலைக் கிளப்பும். அந்த இரைச்சல் அனலாக் பக்கம் கசிந்தால் இருட்டில் எடுத்த படத்தில் கோடுகோடாகத் தெரியும்.

மின்சாரம் வந்தபின் 24 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு. இந்த எண்ணிலிருந்து பெருக்கிப் பெருக்கித்தான் சென்சார் தன் உள்வேகங்களையும், படத்தை அனுப்பும் வேகத்தையும் உண்டாக்கிக்கொள்கிறது. ரெஜிஸ்டர் அட்டவணையில் இருக்கும் பெருக்கல் எண்கள் எல்லாம் 24ஐ நம்பி எழுதப்பட்டவை. வேறு துடிப்பைக் கொடுத்தாலும் சென்சார் ஐ2சியில் பதில் சொல்லும். அடையாள எண்ணையும் சரியாகவே காட்டும். ஆனால் அனுப்பும் வேகம் மாறிவிடுவதால் படம் வாங்கும் பக்கத்தில் எதுவும் பிடிபடாது. நாள் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பிழை இது. அதனால்தான் லினக்ஸில் இருக்கும் ஐஎம்எக்ஸ் 219 டிரைவர், துடிப்பு 24 மெகாஹெர்ட்ஸ் இல்லையென்றால் தொடங்கவே மறுக்கிறது. உங்கள் டிரைவரிலும் அப்படியே செய்யுங்கள்.

கடைசியாக ரீசெட் கால். அது கீழே இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும் வரை சென்சார் மயக்கத்தில் இருக்கும். மின்னழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க இதைப் பிடித்தே வைத்திருக்க வேண்டும். முதலிலேயே விட்டுவிட்டால், 1.2 வோல்ட் பாதி ஏறிய நிலையில் உள்ளிருக்கும் சுற்றுகள் கண்டபடி ஒரு நிலையில் போய் நிற்கும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை வேலை செய்யும் கேமராக்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான்.

ஆக வரிசை இது: ரீசெட்டைப் பிடி, மின்னழுத்தங்களை ஏற்று, துடிப்பைக் கொடு, ரீசெட்டை விடு, காத்திரு, அதன்பிறகே ஐ2சியில் பேசு. அணைக்கும்போது அப்படியே தலைகீழ். எவ்வளவு காத்திருப்பது என்பதைச் சென்சாரின் தரவுத்தாள் சொல்லும், ஊகிக்க வேண்டாம். ஐஎம்எக்ஸ் 219க்கு லினக்ஸ் டிரைவர் 6.2 மில்லிநொடிக்குக் குறையாமல் காத்திருக்கிறது. ஆம்னிவிஷன் சென்சார்கள் பலவற்றில் கணக்கு வேறு மாதிரி: முதல் ஐ2சி பேச்சுக்கு முன் 8192 துடிப்புகள் போக வேண்டும். 24 மெகாஹெர்ட்ஸில் 8192ஐ 24ஆல் வகுத்தால் 341 மைக்ரோநொடி. துடிப்பு 6 மெகாஹெர்ட்ஸ் ஆனால் அதுவே 1365 ஆகிவிடும். இப்படிப்பட்ட காத்திருப்பை நிலையான எண்ணாக எழுதாமல் துடிப்பிலிருந்து கணக்கிட்டு எழுதுவதுதான் முறை.

மின்னழுத்தங்களுக்குள்ளும் ஒரு வரிசை வேண்டும் என்று தரவுத்தாள் சொன்னால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. மின்னழுத்தம் தரும் சுற்றுக்கு ரெகுலேட்டர் என்று பெயர்; லினக்ஸில் மூன்றையும் ஒரே அழைப்பில் ஏற்ற 'ரெகுலேட்டர் பல்க் எனேபிள்' இருக்கிறது. பட்டியலில் எழுதிய வரிசையில் அது ஏற்றும் என்று நம்பிவிடாதீர்கள். அது எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். வரிசை முக்கியமானால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

இனி இரண்டு பொறிகள். இரண்டிலும் விழாதவர் குறைவு.

முதலாவது ரீசெட்டின் திசை. அந்தக் கால் கீழே இருக்கும்போது ரீசெட் என்பதை டிவைஸ் ட்ரீயில் (போர்டில் எது எங்கே இணைந்திருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) 'ஆக்டிவ் லோ' என்று குறித்துவிட்டால், டிரைவரில் 1 என்று எழுதுவது 'ரீசெட்டில் பிடி' என்று பொருள்படும். கம்பியில் போவது 0 வோல்ட். கம்பியில் எது போகும் என்று யோசித்து டிரைவரில் எழுதினால் எல்லாம் தலைகீழாகும். மின்சாரம் இருக்கும், துடிப்பு இருக்கும், சென்சார் மட்டும் என்றைக்கும் மயக்கம் தெளியாது.

இரண்டாவது, பெயர். ஐஎம்எக்ஸ் 219க்கு மின்னிணைப்புப் பெயர்களை டிவைஸ் ட்ரீயில் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும். சிறிய எழுத்தில் எழுதினால் கர்னல் பிழை காட்டாது. 'அந்த இணைப்பு இல்லை, டம்மி ரெகுலேட்டரைப் பயன்படுத்துகிறேன்' என்று ஒரே ஒரு வரியைக் கர்னல் பதிவேட்டில் (லாக்) போட்டுவிட்டு மேலே போய்விடும். டம்மியை ஏற்றச் சொன்னால் 'ஏற்றிவிட்டேன்' என்று சொல்லும். ஒன்றும் ஏறியிருக்காது. பதிவேட்டில் டம்மி என்ற சொல் தென்பட்டால் நின்று, அது வேண்டுமென்றே விடப்பட்டதா என்று பாருங்கள். மாட்யூலிலேயே மின்னழுத்தங்களைப் பிரித்துக்கொள்ளும் கேமராக்களில் அது சரியாகவும் இருக்கலாம்.

முதல் சந்திப்பு

கர்னல் சென்சாரை முதன்முதலாகத் தேடி வருவதை ப்ரோப் என்கிறோம். இங்கே மின்னிணைப்பு, துடிப்பு, ரீசெட் கால் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். கேட்கும்போது -517 என்ற எண் திரும்பி வந்தால் பதற வேண்டாம். கேட்ட பொருளைத் தரவேண்டிய டிரைவர் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அந்த எண்ணை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டால் கர்னல் பிறகு தானே மறுபடி அழைக்கும். வேறு எண்ணாக மாற்றித் திருப்பினால் மறு வாய்ப்பு கிடையாது.

பிறகு சென்சாரை எழுப்பி அடையாளம் கேட்பது. ஐஎம்எக்ஸ் 219 ஐ2சியில் ஹெக்ஸ் 10 என்ற முகவரியில் இருக்கும். 0000 என்ற ரெஜிஸ்டரைப் படித்தால் 0219 என்று வரும் (இங்கே ரெஜிஸ்டர் எண்கள் எல்லாமே ஹெக்ஸ்). இந்த ஒரு படிப்பு, மின்சாரம், துடிப்பு, ரீசெட், ஐ2சி நான்கும் உயிரோடு இருப்பதற்குச் சான்று.

இந்தச் சென்சாருக்கென்று ஒரு தனிக் குணமும் உண்டு. மின்சாரம் வந்தவுடன் சிஎஸ்ஐ கம்பிகளை ஓய்வு நிலையில் வைப்பதற்குப் பதிலாக அது ஒன்றும் செய்யாமல் இருக்கும். ஒருமுறை படம் அனுப்பத் தொடங்கி நிறுத்தினால்தான் கம்பிகள் முறையான ஓய்வு நிலைக்கு வரும். ஆகவே ப்ரோப்பிலேயே 0100 ரெஜிஸ்டரில் 1 எழுதி, 100 மைக்ரோநொடி விட்டு, 0 எழுதி, மறுபடி 100 மைக்ரோநொடி விடுகிறார்கள். பார்க்க வீண் வேலைபோல இருக்கும், நீக்கிவிடாதீர்கள். ஓய்வு நிலையைக் கண்டபின்தான் தொடங்குவேன் என்று அடம்பிடிக்கும், படம் வாங்கும் சுற்றுகள் உண்டு.

எல்லாம் முடிந்தபின், சென்சார் இப்போது விழித்திருக்கிறது என்று ரன்டைம் பிஎம்மிடம் (சாதனங்களைத் தேவைக்கேற்ப எழுப்பி உறங்க வைக்கும் கர்னல் பகுதியிடம்) சொல்லி, அதன்பிறகு ரன்டைம் பிஎம்மை இயக்கிவைக்க வேண்டும். முதலில் இயக்கிவிட்டுப் பிறகு நிலையைச் சொன்னால் ஏற்காது. இவை இரண்டும் முடிந்தபிறகே சென்சாரைக் கேமராக் கட்டமைப்பில் பதிவு செய்யலாம், ஏனென்றால் பதிவான மறுநொடியே யாராவது 'படம் கொடு' என்று கேட்கலாம்.

எண்ணிக்கை

ரன்டைம் பிஎம் செய்வது ஒரு எளிய எண்ணிக்கை. சென்சார் தேவைப்படுபவர் ஒன்றைக் கூட்டுகிறார்; முடித்தவர் ஒன்றைக் கழிக்கிறார். பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றாகும்போது எழுப்பும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஓடும். மறுபடி பூஜ்ஜியமானால் உறங்க வைக்கும் செயற்கூறு ஓடும். குளிர்காலத்தில் ஊட்டி லாட்ஜில் பொது அறையின் ஹீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: முதல் ஆள் வந்தால் போடுவார்கள், கடைசி ஆள் போனால் அணைப்பார்கள். போனவர் கணக்கில் ஒருவர் விட்டுப்போனால் ஹீட்டர் விடியவிடிய எரியும்.

அந்த ஒருவர் விட்டுப்போவது எங்கே? எப்போதும் பிழைப் பாதையில். படம் தொடங்கும் செயற்கூறு எண்ணிக்கையைக் கூட்டுகிறது, ரெஜிஸ்டர் எழுதும்போது ஐ2சி பிழை வருகிறது, செயற்கூறு பிழை எண்ணைத் திருப்பிவிட்டு வெளியேறுகிறது, கழிக்க மறந்துவிடுகிறது. நல்ல கம்பியோடு மேசையில் சோதிக்கும்போது இந்தப் பாதை ஓடுவதேயில்லை. மூடுபனியில் நனைந்த இணைப்பான் ஒரே ஒரு தடவை தவறினால் போதும். அதன்பின் சென்சார் உறங்கவே உறங்காது. படம் மட்டும் நன்றாக வந்துகொண்டே இருக்கும். மேகம் விலகாத நாட்களில் பேட்டரி படுத்துவிடும்.

இதில் பழைய சங்கதி ஒன்றும் ஒளிந்திருக்கிறது. 'பிஎம் ரன்டைம் கெட் சிங்க்' என்ற பழைய அழைப்பு, எழுப்புவதில் தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டியபடியே விட்டுவிடும். தோற்றதென்று திரும்பியவர், கழிக்கவும் வேண்டும் என்பது பலருக்கும் தோன்றவில்லை. இதற்காகவே 5.10 கர்னலில் 'பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட்' வந்தது; தோற்றால் தானே கழித்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் இதையே பயன்படுத்துங்கள். பழைய டிரைவரை நகலெடுக்கும்போது முதலில் மாற்ற வேண்டிய வரியும் இதுதான்.

படம் தொடங்கும்போது என்னென்ன

எண்ணிக்கையைக் கூட்டியதும் சென்சார் விழித்திருக்கும், ஆனால் ஒன்றும் தெரியாமல் இருக்கும். பொதுவான ரெஜிஸ்டர்கள், தேர்ந்த அளவுக்கான ரெஜிஸ்டர்கள், 8 பிட்டா 10 பிட்டா என்பது, பிறகு எக்ஸ்போஷர் (ஒளி வாங்கும் நேரம்), கெயின் (பெருக்கம்) போன்ற கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். கடைசியாக 0100இல் 1. இந்த அட்டவணையின் தொடக்கத்தில், 3000க்கு மேலுள்ள உற்பத்தியாளர் ரெஜிஸ்டர்களின் பூட்டைத் திறக்கும் ஆறு வரிகள் உண்டு. அவற்றின் வரிசையில் கை வைக்காதீர்கள். பொருள் விளங்காத மற்ற எண்களையும் 'சுத்தம் செய்கிறேன்' என்று தொட வேண்டாம்.

கட்டுப்பாடுகளில் ஒரு நுணுக்கம். சென்சார் உறங்கும்போது யாராவது எக்ஸ்போஷரை மாற்றினால் என்ன செய்வது? அதற்காக எழுப்பக் கூடாது. எழுப்பாமல் ஐ2சியில் எழுதினால் பிழை வரும். சரியான வழி: சென்சார் பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்பது, இல்லையென்றால் வெற்றி என்று திரும்பிவிடுவது. மதிப்பை லினக்ஸின் கேமராக் கட்டமைப்பான விஃபோர்எல்2வே நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை படம் தொடங்கும்போது எல்லாக் கட்டுப்பாடுகளையும் மொத்தமாக எழுதுகிறோம் அல்லவா, அப்போது அதுவும் போய்ச் சேரும்.

இந்த மொத்த எழுத்தைச் சோம்பலில் ப்ரோப்பிலேயே ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடுபவர்கள் உண்டு. மோசம் என்னவென்றால், அது சில போர்டுகளில் வேலையும் செய்யும். அந்த 2.8 வோல்ட்டை ஃபோகஸ் மோட்டாரோ வேறு சில்லோ பகிர்ந்துகொண்டிருந்தால், அல்லது மின்னிணைப்புகள் என்றும் அணையாத வகையாக இருந்தால், சென்சாருக்கு மின்சாரம் நிற்பதேயில்லை, ரெஜிஸ்டர்கள் அழிவதில்லை. டிரைவர் சரி என்று நம்பி வேறு போர்டுக்கு மாற்றினால் இரண்டாவது படத்திலிருந்து இருட்டு. முதல் தடவை சரி, இரண்டாம் தடவை இல்லை என்ற அறிகுறி தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

உடனே உறங்க வைப்பதா, சற்று விட்டா? ஒரு ரெஜிஸ்டரை எழுத ஐ2சியில் முகவரி, ரெஜிஸ்டர் எண் இரண்டு பைட், மதிப்பு என்று 4 பைட் போகிறது. ஒப்புகைகளோடு சுமார் 38 துடிப்பு. 100 கிலோஹெர்ட்ஸில் 0.38 மில்லிநொடி. 100 ரெஜிஸ்டருக்கு 38 மில்லிநொடி. 400 கிலோஹெர்ட்ஸில் பத்துக்கும் குறைவு. அதிகமில்லை. ஆனால் அளவை மாற்ற ஒரு செயலி படத்தை நிறுத்தி உடனே தொடங்கும்போதெல்லாம் மின்சாரத்தை அணைத்து ஏற்றுவது வீண். எண்ணிக்கை பூஜ்ஜியமானதும் உடனே அணைக்காமல் சற்று விட்டு அணைக்கும் ஆட்டோசஸ்பெண்ட் வைத்து 1000 மில்லிநொடி தாமதம் கொடுத்தால் இந்த இடைவெளியில் சென்சார் அணையாது. நம் கேரட் தோட்டத்துப் பெட்டியில் அந்த ஒரு நொடி, நாளுக்கு 20 தடவை என்றாலும், பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆட்டோசஸ்பெண்ட் இருந்தாலும் ரெஜிஸ்டர்களை எழுதுவதைத் தவிர்க்காதீர்கள்.

எழுந்ததும் வரும் முதல் சில ஃபிரேம்கள் இருட்டாகவோ வெளுத்தோ இருப்பது டிரைவரின் குற்றமல்ல. தானியங்கி எக்ஸ்போஷர் வெளிச்சத்தைக் கணிக்க அவகாசம் வேண்டும். காட்டெருமை காத்திருக்காது என்பதால், கடைசியாக நிலைத்த எக்ஸ்போஷர் மதிப்பைச் சேமித்துவைத்து அதிலிருந்தே தொடங்குவது உதவும்.

பதில் வராதபோது

சென்சார் பேசாவிட்டால் எல்லோரும் முதலில் ஓடுவது ஐ2சி முகவரிகளைத் தேடும் கருவிக்கு. வெறுமையாக வந்தால் 'சென்சார் செத்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யோசியுங்கள்: ப்ரோப் தோற்றதும் டிரைவர் மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் வெளியே வந்தது. மின்சாரம் இல்லாத சென்சார் எப்படிப் பதில் சொல்லும்? அணைக்கும் வரியைத் தற்காலிகமாக மறித்துவிட்டு, மீட்டரை எடுத்து 2.8, 1.8, 1.2 மூன்றையும் அளந்து, ரீசெட் கால் மேலே இருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகு தேடுங்கள்.

-121 என்றால் முகவரிக்கு யாரும் பதில் சொல்லவில்லை: மின்சாரம், ரீசெட், துடிப்பு, தவறான முகவரி என்ற வரிசையில் பாருங்கள். -110 என்றால் நேரம் கடந்துவிட்டது. ஐ2சி கம்பியை யாரோ கீழே பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்த யாரோ, பாதி அணைந்த சென்சாராகவே இருக்கக்கூடும். சென்சாரின் 1.8 வோல்ட்டை அணைத்தபின்னும் ஐ2சி கம்பியை மேலே இழுத்து வைக்கும் புல்-அப் மின்தடைகளில் மின்சாரம் இருந்தால், அது சில்லின் பாதுகாப்பு டையோடுகள் வழியாக உள்ளே கசிந்து, சென்சாரைச் செத்தும் சாகாமலும் வைத்திருக்கும். புல்-அப்புக்கும் சென்சாருக்கும் ஒரே மின்னிணைப்பு கொடுப்பது அல்லது நடுவே பிரிக்கும் சில்லு வைப்பதுதான் தீர்வு. டிரைவரில் என்ன எழுதினாலும் இது தீராது.

மலையின் குளிரும் ஈரமும் இந்த இடங்களில்தான் கை வைக்கும். ஜனவரி விடியலில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படியும்போது மின்தேக்கிகளும் பேட்டரியும் பகலில் நடந்துகொண்டதுபோல் நடந்துகொள்ளாது. சென்சாரை எழுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சற்றுத் தாமதமாக ஏறும், அல்லது ஒரு நொடி தொய்யும். தரவுத்தாளின் குறைந்தபட்ச நேரத்தை நூலிழை மிச்சமில்லாமல் வைத்த டிரைவர் விடியலில் மட்டும் தவறும். ரெகுலேட்டர் ஏறி நிலைக்கும் நேரத்தை டிவைஸ் ட்ரீயில் தனியாகக் கொடுத்து, கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்; இரண்டு மில்லிநொடி கூடினால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று: லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

பெட்டியை மூடுமுன் ஒரு சோதனை. இரவில் போர்டை வாசலில் வைத்து, படத்தைத் தொடங்கி நிறுத்துவதை 500 தடவை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். நடுவில் இரண்டு மூன்று தடவை கேமரா ரிப்பனை லேசாக ஆட்டி வேண்டுமென்றே ஐ2சி பிழையை வரவழையுங்கள். கழற்றிச் செருகுவதானால் போர்டை அணைத்துவிட்டுத்தான். ஓடி முடித்து இரண்டு நொடி கழித்து, கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்புமுறையில் அந்தச் சென்சாரின் பவர் அடைவில் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைப் படியுங்கள். 'சஸ்பெண்டட்' என்று இருக்க வேண்டும். 'ஆக்டிவ்' என்று இருந்தால் ஏதோ ஒரு பிழைப் பாதை கழிக்க மறந்திருக்கிறது. ரெகுலேட்டர், கிளாக் சுருக்கப் பட்டியல்களிலும் சென்சாரின் பயன்பாட்டு எண்ணிக்கை பூஜ்ஜியமா என்று பார்த்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடியைத் திருகுங்கள்.